பழைய செம்பனை நிலத்தில் கீரை போடலாமா?

வாசகர் கடிதம்

ஐயா, பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் இரண்டு ஏக்கர் நிலம் வாங்கியிருக்கிறோம். என் பெற்றோர் காலத்தில் அது பால்மரக் காடு, அப்புறம் செம்பனை. மரத்தைச் சாய்த்து இரண்டு வருடம் ஆகிறது. என் கணவர் முப்பது வருடம் தோட்டத்தில் மருந்து அடித்தவர். மகன்கள் இங்கே காய்கறி போட்டுப் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கலாம் என்கிறார்கள். நிலம் பூராவும் லாலாங் புல் ஏறிவிட்டதால், மூன்று மாதத்துக்கு முன் கிளைபோசேட்டோடு மெட்சல்ஃபியூரான் என்ற களைக்கொல்லியும் கலந்து அடித்தார்கள். விஷம் முறியட்டும் என்று நான் அதே வாரம் ஒரு பாத்தியில் மட்டும் (20 அடி நீளம், 4 அடி அகலம்) டோலமைட் சுண்ணாம்பு பாதிச் சாக்கும் அடுப்புச் சாம்பலும் கொட்டினேன். ஐந்து வாரம் கழித்து இரண்டு பாத்தியில் சாவி கீரையும் (கடுகுக் கீரை வகை) பயற்றங்காயும் விதைத்தேன். சுண்ணாம்பு போடாத பாத்தியில் சுமாராகவாவது வந்தது. போட்ட பாத்தியில் இரண்டு இலையோடு மஞ்சளாகி நின்றுவிட்டது. பக்கத்து நிலத்துக்காரர் பத்து வருடம் சும்மா விடச் சொல்கிறார். மருந்துக் கடையில் ஒரு மாதம் போதும் என்கிறார்கள். இன்னொருவர் உப்புக் கரைத்து ஊற்றினால் விஷம் இறங்கிவிடும் என்கிறார். யாரை நம்புவது? நிலத்து மூலையில் ஒரு சிமெண்டு மேடையும் தொட்டியும் இருக்கிறது. மருந்து கலக்கிய இடமாம். அதன் மேல்தான் கோழிக் கூண்டு வைத்திருக்கிறேன். அங்கே கிடந்த நீல டிரம்மில் மழைத்தண்ணீர் பிடிக்கலாமா?

பதில்

அம்மா, முதலில் கோழிகளை அந்த மேடையிலிருந்து அப்புறப்படுத்துங்கள். நீங்கள் கேட்ட மற்றதெல்லாம் ஒரு மாதம் பொறுக்கும், இது பொறுக்காது. நாளைக்கே மேட்டுப் பக்கமாகக் குறைந்தது நூறு அடி தள்ளிக் கூண்டை வையுங்கள். அங்கே கிளறித் தின்ற கோழிகளின் முட்டையை, மண் ஆய்வு முடிவு வரும்வரை வீட்டில் சாப்பிட வேண்டாம், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

பத்து வருடம் என்பவர், ஒரு மாதம் என்பவர், உப்பு ஊற்றச் சொல்பவர் மூவருமே ஒரே தவறைச் செய்கிறார்கள். எல்லா மருந்தையும் ‘விஷம்’ என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். மண்ணுக்குள் ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு கணக்கு. சில மருந்துகள் ஒரு வாரத்தில் பாதியாகும். சில உங்கள் பேரப்பிள்ளை காலத்திலும் அங்கேயே கிடக்கும். ஆகவே என்ன மருந்து, நிலத்தின் எந்த இடத்தில், எந்த மாதிரி மண்ணில் என்ற மூன்றையும் தெரிந்துகொண்டால்தான் எத்தனை நாள் என்று சொல்ல முடியும்.

பெரும்பாலான மருந்துகளை அழிப்பது மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள்தாம். பாக்டீரியாவும் பூஞ்சையும் அந்த மூலக்கூறைத் தின்று துண்டு துண்டாக்குகின்றன. அவற்றுக்குச் சூடு, ஈரம், காற்று, மட்கு நான்கும் வேண்டும். நம் தாழ்நிலத்து மண் வருடம் முழுக்க ஏறக்குறைய 27, 28 பாகை சூட்டில் இருக்கிறது. குளிர்நாட்டு மண்ணை விட இங்கே சிதைவு வேகம் கூடுதல். பத்து பாகை ஏறினால் வேகம் சுமார் இரண்டு மடங்கு என்பது பொதுக்கணக்கு. இரண்டாவது வழி, மண்ணிலுள்ள தண்ணீரே மூலக்கூறை வெட்டுவது. இதில் மண்ணின் புளிப்பும் காரத்தன்மையும்தான் தீர்மானம் செய்யும். உங்கள் பாத்தி கெட்ட கதை இங்கேதான் இருக்கிறது. மூன்றாவது வெயில். அது மண்ணின் மேல்தோலில் ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது. ‘வெயில் பார்த்துக்கொள்ளும்’ என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

இவை தவிர, மருந்து மண்துகளில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஒட்டிக்கொள்வது சிதைவது ஆகாது. ஆனாலும் ஒட்டிய மருந்து வேருக்குக் கிடைக்காது, தண்ணீரோடும் போகாது. கடைக்காரர் ‘மருந்து மண்ணில் பட்டதும் செத்துவிடும்’ என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். சாகவில்லை, கட்டிப் போடப்பட்டிருக்கிறது.

ஒரு மருந்து பாதியாகக் குறைய ஆகும் காலத்தை அரை ஆயுள் என்பார்கள். அரை ஆயுள் 30 நாள் என்றால் 60 நாளில் எல்லாம் போய்விடாது. 30 நாளில் பாதி, 60 நாளில் கால், 150 நாளில் 3 சதவிகிதம், 210 நாளில் 1 சதவிகிதத்துக்கும் கீழ். இந்தக் கணக்கும் ஆரம்பத்தில்தான் சரியாக வரும். கடைசித் துளி மண்துகளின் இடுக்கில் புகுந்துகொண்டு மெதுவாகவே கரையும். அதனால் ஏழு அரை ஆயுள் கடந்தால் போதும் என்று பொதுவாக எடுத்துக்கொண்டு, கீரை போடுமுன் பூந்தொட்டியில் ஒரு முறை விதைத்துச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

இப்போது உங்கள் நிலத்துக்கு வருவோம்.

கிளைபோசேட். ரவுண்டப் என்று எல்லோரும் சொல்வது. மண்ணைப் பொறுத்து அரை ஆயுள் ஒரு வாரத்திலிருந்து சில மாதம்வரை போகும். நம் செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் நிறைய. கிளைபோசேட் அவற்றில் இறுகப் பிடித்துக்கொள்ளும், அதனால் வேர்வழியே பயிரைத் தாக்குவது அபூர்வம். செம்பனை இருந்த காலத்தில் அடித்ததை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். அரை ஆயுள் 60 நாள் என்று வைத்தாலும், இரண்டு வருடத்தில் பன்னிரண்டு தடவை பாதியாகி 4,096-இல் ஒரு பங்குதான் மிஞ்சும். மூன்று மாதத்துக்கு முன் அடித்ததும் பெரிய இடைஞ்சல் இல்லை. ஒரே எச்சரிக்கை: பாஸ்பேட் உரமும் கிளைபோசேட்டும் மண்ணில் ஒரே இடத்துக்குப் போட்டி போடுபவை. ராக் பாஸ்பேட்டை மொத்தமாகக் கொட்டினால் ஒட்டியிருந்த கிளைபோசேட் கொஞ்சம் விடுபடும். உரத்தைப் பிரித்துப் பிரித்துப் போடுங்கள்.

பாராகுவாட். உங்கள் கணவர் கிராமொக்சோன் என்ற பெயரில் அதிகம் அடித்தது இதுவாகத்தான் இருக்கும். 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் முழுத் தடை. இதன் இயல்பு நேர்மாறு. சிதைவது மிக மிக மெதுவாக, நீண்ட கால வயல் சோதனைகளில் வருடத்துக்கு 10 சதவிகிதத்துக்குள்தான் குறைந்தது. ஆனால் நேர்மின்னேற்றம் கொண்டதால் களிமண்துகளில் அப்படியே பூட்டிக்கொள்கிறது, பயிர் அதை எடுக்க வழியில்லை. களிமண் கலந்த நிலத்தில் காய்கறிக்கு இதனால் தடை இல்லை. ஈயலம்பம் (ஈயச் சுரங்கம்) கழித்துப் போட்ட மணல் நிலமாக இருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும், ஏனென்றால் அங்கே பூட்டி வைக்கக் களிமண்ணே இல்லை. உங்கள் நிலம் எது என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடி போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை துணி துவைக்கும் தூள் போட்டு ஐந்து நிமிடம் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் படிவது மணல். இரண்டு மணி நேரத்தில் அதன் மேல் படிவது வண்டல். மறுநாளும் மேலே கலங்கலாக நிற்பது களி. மறுநாள் தண்ணீர் தெளிந்து, முக்கால்வாசிக்கு மேல் மணலாகவே படிந்திருந்தால், வேர்க்காய்கள் போடுவதைத் தள்ளிவைத்து மட்கெருவை இரட்டிப்பாகப் போடுங்கள்.

இந்த இடத்தில் உங்கள் கணவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மண்ணில் பூட்டிக் கிடப்பதால் பயிருக்கு ஆபத்தில்லை என்றேனே தவிர, அடித்தவருக்கு ஆபத்தில்லை என்று சொல்லவில்லை. தோல், நகம், மூச்சு மூன்றிலும் அது பட்டிருக்கும். அடுத்த முறை கிளினிக் போகும்போது என்னென்ன மருந்து, எத்தனை வருடம் அடித்தார் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். கேட்டால்தான் சொல்ல வேண்டும் என்று இருக்க வேண்டாம்.

இனி மெட்சல்ஃபியூரான். பாத்தி கெட்டதற்கு என் சந்தேகம் இதன் மேல்தான். ஒரு ஹெக்டேருக்குச் சில பத்து கிராம் வீரியப் பொருள் மட்டுமே அடிக்கும் மருந்து இது, அவ்வளவு கொஞ்சமே களையைக் கொல்லப் போதும். அதனால் மிச்சம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் கடுகுக் குடும்பத்துக் கீரையும் பயறு வகையும் தாங்காது. சாவி கீரை கடுகுக் குடும்பம், பயற்றங்காய் பயறு வகை. ஊரிலேயே மெலிந்த இரண்டு பேரை நீங்கள் முதலில் அனுப்பியிருக்கிறீர்கள்.

மெட்சல்ஃபியூரான் புளித்த மண்ணில், அதாவது பி.எச். (புளிப்பை அளக்கும் எண், 7-க்குக் கீழே புளிப்பு, மேலே காரம்) 5-க்குப் பக்கத்தில், தண்ணீராலேயே வெட்டுப்பட்டுச் சில வாரத்தில் குறைந்துவிடும். நம் ஊர் மண் இயல்பாகவே பி.எச். 4-லிருந்து 5. அதுவே பி.எச். 7-ஐத் தாண்டினால் இந்த வெட்டு ஏறக்குறைய நின்றுபோய், நுண்ணுயிர்களை மட்டுமே நம்பி மாதக்கணக்கில் கிடக்கும். அதோடு புளிப்புக் குறைந்த மண்ணில் அது துகளில் ஒட்டாமல் தண்ணீரில் கரைந்தே நிற்பதால் வேருக்கு எளிதாகக் கிடைக்கும். 80 சதுர அடிப் பாத்திக்கு இரண்டு கிலோ, மிஞ்சினால் இரண்டரைக் கிலோ டோலமைட் போதும். பாதிச் சாக்கு என்றால் 25 கிலோ, பத்து மடங்குக்கு மேல். அதன் தலையில் சாம்பலும் விழுந்திருக்கிறது. விஷத்தை முறிக்கப் போட்ட சுண்ணாம்பு அதற்குக் காவலாக நின்றுவிட்டது.

‘சுண்ணாம்பு விஷத்தை முறிக்கும்’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றால், சில பூச்சிமருந்துகளுக்கு அது உண்மை. ஃபூராடான் என்று விற்ற கார்போஃபியூரான், மாலத்தியான், குளோர்பைரிஃபாஸ் போன்றவை காரத்தன்மையுள்ள மண்ணில் வேகமாக வெட்டுப்படும். ஒரு மருந்துக்குப் பொருந்தியதை இன்னொன்றுக்குப் போட்டதுதான் இங்கே நடந்தது.

ஆனால் ஒரு வார்த்தை. சுண்ணாம்பு மிஞ்சினாலும் பயிர் மஞ்சளாகும், அது இரும்பும் மாங்கனீசும் கிடைக்காத மஞ்சள். இரண்டில் எது என்று செடியே சொல்லும். நின்றுபோன சாவிச் செடி இரண்டை மண்ணோடு பெயர்த்து, ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். இலையில் நரம்பு பச்சையாகவும் நரம்புக்கு நடுவில் மட்டும் மஞ்சளாகவும் இருந்து, வேர் வெள்ளையாக நீண்டு போயிருந்தால் அது இரும்புச் சத்துக் குறை. நடுக்குருத்து கருகியோ சுருங்கியோ நின்று, இலை நரம்பு ஊதாச் சாயல் காட்டி, பக்க வேர்கள் எல்லாம் போத்தல் கழுவும் பிரஷ் போலக் குட்டையாக முளைத்திருந்தால் அது மெட்சல்ஃபியூரான். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். செய்ய வேண்டிய சிகிச்சை இரண்டுக்கும் ஒன்றே.

அந்தப் பாத்தியின் மேல்மண்ணை நான்கு அங்குலம் வரை சுரண்டி, அதைப் போல பத்து மடங்கு இடத்தில், ஏறக்குறைய 800 சதுர அடியில், மெல்லியதாகப் பரப்பி மண்வெட்டியால் கலந்துவிடுங்கள். கொட்டிய சுண்ணாம்பு அப்போது அந்த இடம் முழுக்கச் சரியான அளவாகிவிடும், மருந்தும் பத்தில் ஒன்றாக நீர்த்துப்போகும், பி.எச். இறங்குவதால் மிச்சமும் வேகமாக வெட்டுப்படும். நிலத்தின் மற்ற பகுதிக்கு இன்னும் இரண்டு மாதம் டோலமைட் போட வேண்டாம். காய்கறிக்கு பி.எச். 6 அளவு தேவைதான், சுண்ணாம்பு போடத்தான் வேண்டும். முதலில் மெட்சல்ஃபியூரான் போகட்டும், பிறகு மண் பரிசோதனை சொல்லும் அளவில் போடுங்கள். வரிசை மாறியதுதான் சிக்கல்.

செம்பனைக் காலத்தில் வேறு என்ன அடித்தார்கள் என்று உங்கள் கணவருக்கு நினைவிருக்கும். 2,4-டி ஒரு மாதத்துக்குள் பெரும்பாலும் போய்விடும். டிரைக்ளோபிர் அரை ஆயுள் ஒரு மாதம், ஒன்றரை மாதம். சைபர்மெத்ரினும் அதே அளவு. குளோர்பைரிஃபாஸ் ஒரு மாதத்திலிருந்து சில மாதம் வரை போகும். அது சிதையும்போது வரும் துண்டுப்பொருள் அதைத் தின்ன வந்த நுண்ணுயிர்களையே தாக்குவதால், திரும்பத் திரும்ப அடித்த இடத்தில் இன்னும் தாமதமாகும். இவை எல்லாவற்றுக்கும் இரண்டு வருடம் தாராளம்.

உண்மையில் என்னைக் கவலைப்பட வைப்பது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு சொல்: பால்மரம். மலாயாவின் பழைய ரப்பர் தோட்டங்களில் லாலாங்கை ஒழிக்கவும், மறுநடவுக்காகக் கிழமரங்களைச் சாகடிக்கவும் சோடியம் ஆர்சனைட் பயன்பட்டது. பின்னால் வந்த எம்.எஸ்.எம்.ஏ. என்ற புல்மருந்திலும் உள்ளே இருப்பது ஆர்சனிக்தான். ஆர்சனிக் ஒரு தனிமம். அதை எந்த நுண்ணுயிராலும் தின்று தீர்க்க முடியாது, வெயிலோ மழையோ சிதைக்காது, பத்து வருடம் விட்டாலும் ஐம்பது வருடம் விட்டாலும் அது ஆர்சனிக்காகவே இருக்கும். அதற்கு அரை ஆயுள் என்ற பேச்சே இல்லை. பேராக் ஈயநிலங்களின் மண்ணில் இயற்கையாகவே அது கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கும். உங்கள் நிலத்தில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பழைய ரப்பர் நிலம் என்றால் சோதிக்காமல் கீரை போடக் கூடாது என்கிறேன். கனடா நாடு விவசாய மண்ணுக்குக் கிலோவுக்கு 12 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. உங்கள் முடிவை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூடுதலாக வந்தாலும் நிலத்தைக் கைவிட வேண்டியதில்லை. இலைக்கீரையையும் வேர்க்காய்களையும் விட்டுவிட்டு வெண்டை, கத்தரி, மிளகாய், வாழை போடலாம். காயில் வந்து சேரும் ஆர்சனிக் இலையையும் வேரையும் விடக் குறைவு. மண் தெறிக்காமல் செம்பனை வெற்றுக் குலையையோ வைக்கோலையோ மூடாக்காகப் போட்டு, காயை நன்றாகக் கழுவ வேண்டும்.

அடுத்து அந்த மூலை.

ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. ஒரு ஏக்கருக்குப் பரவ வேண்டிய மருந்து கலக்கும்போது ஒரே சதுர அடியில் சிந்தினால், அந்த இடத்தில் விழுவது வயலில் விழுவதை விட 43,560 மடங்கு. அது பாதி பாதியாகக் குறைந்து ‘இன்றைக்குத்தான் அடித்த வயல்’ என்ற அளவுக்கு வரவே பதினைந்து, பதினாறு அரை ஆயுள் வேண்டும். அதுவும் நுண்ணுயிர்கள் உயிரோடு இருந்தால். அத்தனை செறிவில் அவை முதலிலேயே செத்துப்போகும், சிதைக்க ஆள் இருக்காது. வருடக்கணக்கில் தினமும் சிந்தி, மருந்தடிக்கும் டாங்கி கழுவிய தண்ணீரும் ஊற்றிய இடம் அது. இரண்டு ஏக்கரையும் விட அந்தப் பத்தடி மண்ணில்தான் ஆபத்து அதிகம். பழைய டீல்டிரின், குளோர்டேன் போன்ற மருந்துகள் அங்கே சிந்தியிருந்தால் அவை கொழுப்பில் கரைபவை. கோழி கொத்தும்போது தீனியோடு மண்ணும் போகும், மருந்து மஞ்சள் கருவில் போய்ச் சேரும். ஆடு, மாடு வைத்தால் பாலிலும் அதே கதை. கூண்டை நகர்த்தச் சொன்னது இதனால்தான்.

மேடையைக் கழுவாதீர்கள், உடைக்காதீர்கள், அங்கிருக்கும் மண்ணை வெட்டி வயலில் போடாதீர்கள். தார்ப்பாய் போட்டு மழை படாமல் மூடி, பிள்ளைகள் போகாதபடி சுற்றி வேலி கட்டுங்கள். ஆய்வில் மோசமாக வந்தால் அந்த மண்ணை நீங்களாகவே லோரியில் ஏற்றி எங்கும் கொட்டக் கூடாது, 2005-ஆம் ஆண்டு விதிமுறைப்படி அது அட்டவணைக் கழிவு, அதாவது ஆபத்தானது என்று சட்டம் பட்டியலிட்ட கழிவு. சுற்றுச்சூழல் இலாகாவைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

மண் மாதிரி எடுப்பதில்தான் பலர் பணத்தை வீணாக்குவார்கள். செம்பனை நிலத்தில் மருந்து எங்கும் ஒரே மாதிரி விழுந்திருக்காது. மரத்தைச் சுற்றிய வட்டத்திலும் குலை வெட்டிக்கொண்டு போகும் பாதையிலும்தான் வருடா வருடம் அடித்திருப்பார்கள். மட்டை அடுக்கிய வரிசையில் குறைவு. அடித்தூர் இருந்த இடம் இன்னும் தெரியும், அதைச் சுற்றி ஆறடிக்குள் பத்துப் பதினைந்து இடத்தில் ஆறு அங்குல ஆழம்வரை எடுத்து, ஒரு வாளியில் கலந்து, அரைக் கிலோ ஒரு மாதிரி. மட்டை வரிசையிலிருந்து இன்னொன்று. சிமெண்டு மூலையிலிருந்து தனியாக ஒன்று, அதை மற்றதோடு சேர்க்கவே கூடாது. கையுறை போட்டு, அந்த மூலையைக் கடைசியாக எடுங்கள். பூச்சிமருந்து ஆய்வுக்குப் போகும் மண்ணைப் பிளாஸ்டிக் பையில் போடாமல் கண்ணாடி ஜாடியில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே அனுப்புங்கள்.

எஸ்.ஏ.எம்.எம். (மலேசிய ஆய்வக அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகமாகப் பார்த்து இரண்டே கேட்டால் போதும்: மூன்று மாதிரிக்கும் மொத்த ஆர்சனிக், வட்டத்து மாதிரிக்கும் மூலை மாதிரிக்கும் ஆர்கனோகுளோரின் பூச்சிமருந்துகள் (டீல்டிரின், குளோர்டேன் வகை). கிளைபோசேட்டுக்கும் பாராகுவாட்டுக்கும் தனித்தனி முறை, தனித்தனிக் காசு. வயல் மண்ணுக்கு அதில் பணம் போட வேண்டாம். பி.எச். அளவையும் சுண்ணாம்புத் தேவையையும் விவசாய இலாகாவில் கேளுங்கள்.

மெட்சல்ஃபியூரான் மிச்சத்துக்கு ஆய்வகமே வேண்டாம், செடியே போதுமான நுட்பமான கருவி. வட்டத்து மண்ணில் நான்கு பூந்தொட்டி. வேலி ஓரத்தில் எந்தக் காலத்திலும் மருந்து படாத, அதே நிற மண்ணில் நான்கு தொட்டி. ஒவ்வொன்றிலும் சாவி பத்து விதை, வெள்ளரி ஐந்து, பயறு ஐந்து. உரம் எதுவும் போடாமல், ஒரே நிழல், ஒரே தண்ணீர். முளைப்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மெட்சல்ஃபியூரான் இருந்தாலும் விதை முளைக்கும். மூன்றாவது இலை வருகிறதா என்று 21 நாள் பொறுத்திருந்து, வேரைக் கழுவி இரண்டு மண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இலை கிண்ணம்போல் குழிந்து தண்டு முறுக்கினால் அது 2,4-டி, டிரைக்ளோபிர் வகை. வித்தியாசமே இல்லையென்றால் களைக்கொல்லி மிச்சம் பயிருக்குக் கெடுதல் செய்யும் அளவில் இல்லை. இந்தச் சோதனை பூச்சிமருந்தையும் ஆர்சனிக்கையும் காட்டாது. செடி செழிப்பாக இருக்கிறது என்பதால் தின்னலாம் என்று அர்த்தம் இல்லை.

காத்திருக்கும் காலத்தில் மண்ணைக் காயவிடாதீர்கள், தண்ணீர் தேங்கவும் விடாதீர்கள். காய்ந்தால் நுண்ணுயிர் உறங்கிவிடும், தேங்கினால் மூச்சு முட்டும். நன்றாக மட்கிய சாணம் சதுர மீட்டருக்கு ஒன்றிலிருந்து இரண்டு கிலோ மேலாகக் கலந்துவிடுங்கள். டிராக்டர் வைத்து ஆழ உழ வேண்டாம். நுண்ணுயிர்கள் நிறைந்திருப்பது மேல் ஆறு அங்குலத்தில், மருந்து அதற்கும் கீழே போனால் அங்கே தின்ன ஆளில்லாமல் நீண்ட நாள் கிடக்கும். உப்பு வேண்டவே வேண்டாம். அது எந்த மருந்தையும் சிதைக்காது, சிதைக்கும் நுண்ணுயிர்களையும் மண்ணின் கட்டமைப்பையும்தான் கெடுக்கும். தண்ணீர் பாய்ச்சிக் கழுவினால் மருந்து ஓடைக்குப் போகும், கீழே குடியிருப்பவருக்குப் போகும். நெருப்பு வைப்பதும் கூடாது. மேல்மண் உயிர்கள் வெந்துபோகும், திறந்தவெளி எரிப்பு சட்டப்படி குற்றமும்கூட. கரியைக் கலக்கச் சொல்பவர்கள் உண்டு. நெல் உமிக்கரி மருந்தைப் பிடித்து வைக்கும், பயிர் தப்பும், ஆனால் சிதைவும் தாமதமாகும். அவசரத்துக்குத்தான் அது.

தொட்டிச் சோதனை நன்றாக வந்ததும் வெண்டை, மிளகாய், கத்தரியில் தொடங்குங்கள். ஆர்சனிக் முடிவு வந்தபின் கீரை. வெள்ளரி, பூசணி வகைக்கு ஆர்கனோகுளோரின் முடிவு வரும்வரை பொறுங்கள். மற்ற காய்களை விட அந்தக் குடும்பம் டீல்டிரின் வகை மருந்துகளை வேரால் இழுப்பதில் கெட்டி.

மகன்கள் இனி மருந்து கலக்குவதற்கு இடம் செய்து கொடுங்கள், இன்னொரு சிமெண்டு மூலை உருவாகக் கூடாது. சிந்தும் மருந்தைச் சிதைப்பதற்கென்று 1990-களில் சுவீடனில் கண்டுபிடித்த ஒரு குழி இருக்கிறது, இங்கேயும் சுலபமாகச் செய்யலாம். கிணற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் 150 அடி தள்ளி, 5 அடிக்கு 5 அடி, 2 அடி ஆழம் தோண்டுங்கள். அடியில் நான்கு அங்குலம் களிமண்ணை இடித்து இறுக்குங்கள். மேலே நறுக்கிய வைக்கோல் இரண்டு பங்கு, மட்கெரு ஒரு பங்கு, உங்கள் வயலின் மேல்மண் ஒரு பங்கு. கலந்து, நனைத்து, நான்கைந்து வாரம் மூடி வைத்தபின் குழியில் நிரப்பி, மேலே புல் பதியுங்கள். வைக்கோலைத் தின்ன வரும் வெண்பூஞ்சைகள் மரச்சத்தை உடைக்கும் அதே நொதியால் மருந்தையும் உடைக்கும். டாங்கி நிரப்புவதும் கழுவுவதும் இதன் மேல்தான் நடக்க வேண்டும். நம் மழைக்குக் கூரை அவசியம், தண்ணீர் நின்றுவிட்டால் குழி வேலை செய்யாது. கலவை மட்கித் தாழும்போது வருடம் ஒருமுறை நிரப்பிவிடுங்கள்.

நீல டிரம்மில் தண்ணீர் பிடிக்கக் கூடாது, மாட்டுக்கும் கூடாது, பாத்திக்கும் கூடாது. எத்தனை தடவை கழுவினாலும் பிளாஸ்டிக் சுவருக்குள் ஊறிய மருந்து பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கசியும். மழை உள்ளே இறங்காதபடி மூடியை இறுக்கி, தார்ப்பாய்க்கு அடியிலேயே வைத்து, மூலை மண்ணின் ஆய்வு முடிவோடு சேர்த்துச் சுற்றுச்சூழல் இலாகாவிடம் சொல்லுங்கள். இனி வாங்கும் மருந்து போத்தல்களை, காலியானதும் கால்வாசி தண்ணீர் ஊற்றி அரை நிமிடம் குலுக்கி டாங்கியிலேயே ஊற்றுங்கள். இப்படி மூன்று முறை செய்து, அடியில் ஓட்டை போட்டுவிடுங்கள். அப்போது வேறு யாரும் அதில் எண்ணெயோ தண்ணீரோ பிடிக்க மாட்டார்கள்.